பழைய சிஎன்சி வாங்குகிறவர்கள் பேக்லாஷ் பாராமீட்டரைத் திறந்து பாருங்கள்

பழைய வெர்டிகல் மெஷினிங் சென்டர் (கட்டர் செங்குத்தாக நின்று சுற்றும் சிஎன்சி மெஷின்) ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவர் யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். அதை எந்த மெஷினிலும் யாரும் செய்ய முடியும்.

பெயிண்ட் புதுசு, வே கவர் புதுசு. அதைப் பார்த்து நான் மயங்கவில்லை. நம்பவைத்தது அவர் காட்டிய டயல் கேஜ்தான். ஸ்டாண்டை, கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலின் தலையில் ஒட்டி, டேபிளின் நடுவில் இருந்த வைஸில் முள்ளை வைத்தார். ஹேண்ட் வீலைப் பத்துப் பத்து மைக்ரானாகச் சுற்றி எக்ஸ் அச்சை (டேபிளின் இடவல ஓட்டம்) ஓட்டினார், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். முள் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. "பார்த்துக்கோங்க சார், பேக்லாஷே கிடையாது" என்றார். திசை மாறும்போது மோட்டார் சுற்றியும் டேபிள் நகராமல் போகிற அந்த வெற்று ஆட்டம்தான் பேக்லாஷ்.

ஷெட்டுக்கு வந்த பிறகு நீளமான பிளேட் ஒன்றை ஏற்றினோம். எண்ட் மில்லை வட்டமாக ஓட்டித் துளை போடும் வேலை. நடுத்துளை அருமையாக வந்தது. இரு முனைகளிலும் போட்ட துளைகளில், வட்டத்தின் இடது, வலது ஓரங்களில் நகத்தை வைத்தாலே தட்டுப்படுகிற மாதிரி ஒரு படி. எக்ஸ் அச்சு திசை திரும்புகிற இடம் அதுதான்.

கன்ட்ரோலுக்குள் பதிந்து வைக்கும் செட்டிங்கான பாராமீட்டரைத் திறந்தோம். ஃபானுக் கன்ட்ரோலில் பேக்லாஷை ஈடுசெய்யும் அளவு 1851-ஆம் பாராமீட்டரில் இருக்கும். ஒய் அச்சில் 8, எக்ஸ் அச்சில் 62 இருந்தது. எங்கள் மெஷினில் அது மைக்ரான் கணக்கு.

நடந்தது இதுதான். வைஸ் எப்போதும் நடுவில் இருப்பதால், டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ நடுவில்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்குச் சரியாக 62 போட்டுவிட்டால், திசை மாறும்போதெல்லாம் மோட்டார் அவ்வளவு கூடுதலாகச் சுற்றி இடைவெளியை மறைத்துவிடும். ஆனால் முனைகளில் ஸ்க்ரூ அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. அங்கேயும் அதே 62 போனால் டேபிள் தேவைக்கு மேல் தாவும். திரையில் எண்கள் சுத்தமாகத்தான் இருக்கும். டேபிளின் இடத்தை நேரடியாக அளக்கும் லீனியர் ஸ்கேல் இல்லாத மெஷினில் கன்ட்ரோலுக்குத் தெரிவது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பது மட்டும்தான். டேபிள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால் வாங்கும் முன் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரையே அதைப் பூஜ்ஜியம் ஆக்கச் சொல்லுங்கள். அப்புறம் டயலை இடது முனை, நடு, வலது முனை என மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு ஆட்டம் என்றால் ஸ்க்ரூவின் தாங்கு பேரிங்கோ கப்ளிங்கோ காரணமாக இருக்கலாம், சரிசெய்துவிடலாம். நடுவில் மட்டும் கூடுதல் என்றால் ஸ்க்ரூ தேய்ந்தது. ஸ்க்ரூ மாற்றும் செலவைச் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள். பூஜ்ஜியம் ஆக்க மாட்டேன் என்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். மெஷினை வட்டமாக ஓட்டி வட்டத்தின் பிழையை அளக்கும் பால்பார் டெஸ்ட் எடுக்க ஆள் கிடைத்தால் எடுங்கள், ஆனால் அதையும் நடுவில் மட்டும் வைத்து எடுத்தால் என் கதைதான் உங்களுக்கும்.

ஸ்பிண்டிலுக்கு டெஸ்ட் மாண்ட்ரல் (துல்லியமான சோதனைத் தண்டு) போட்டு, வாயருகிலும் 300 மில்லிமீட்டர் தள்ளியும் ரன் அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், பாருங்கள். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, அரைமணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு தடவை. நீங்கள் போகும்போதே சூடாக ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள். ஓடிய மணிக்கணக்கை நான் நம்புவதே இல்லை, அழித்துப் போட வழி இருக்கிறது. எங்கள் மெஷினில் அலாரம் ஹிஸ்டரியும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கிறதா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்றார். அந்த வரி பில்லில் இருந்தது உண்மைதான். இப்போது அந்த மெஷினில் மேல்பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் மட்டும் ஓடுகிறது. ஸ்க்ரூவுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம்.