கிருமி ஏற்கெனவே குடலில் இருந்தால்: ஆன்டிபயாட்டிக்கா, அமிலம் குறைக்கும் மாத்திரையா?

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவைச் சிலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடலில் சுமந்துகொண்டிருப்பார்கள். மருத்துவமனையில் சேர்ந்தபின் அது கடும் வயிற்றுப்போக்காக வெடித்தால் ஆன்டிபயாட்டிக், அமிலம் குறைக்கும் மாத்திரை என்ற இரண்டு மருந்துகள்மீது பழி விழுகிறது.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிஃபிசிலை அடக்கிவைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது அழித்துவிடுகிறது. இடம் காலியானதும் டிஃபிசில் பெருகி நச்சைக் கக்குகிறது. எல்லா ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றல்ல. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைகள் மோசம். டாக்சிசைக்ளினில் ஆபத்து குறைவு. இங்கிலாந்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகையின் பயன்பாட்டைக் குறைத்தபின் தொற்றும் பெருமளவு சரிந்தது.

அமிலம் குறைக்கும் மாத்திரைகளான ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மீதான குற்றச்சாட்டு அவ்வளவு வலுவானதல்ல. இவற்றால் டிஃபிசில் வயிற்றுப்போக்கு ஆபத்து கூடலாம் என்று 2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது உண்மைதான். ஆனால் டிஃபிசிலின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) வயிற்று அமிலத்துக்கே அசையாதவை. தவிர, இம்மாத்திரையை விழுங்குவோரில் முதியவர்களும் பல நோய் உள்ளவர்களும் அதிகம்; அவர்களுக்கு எப்படியும் ஆபத்து கூடுதல்.

இருந்தும், 'கூடவே ஒன்று இருக்கட்டும்' என்று காரணமின்றி எழுதப்படும் பான்டோப்ரசோல் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆன்டிபயாட்டிக்கை அப்படிச் சட்டென்று நிறுத்த முடியாது. வகையையும் நாள்களையும் பற்றித்தான் பேச முடியும்.