ஸ்குவீஸி செயலி: பிரசவத்துக்குப் பிந்தைய சிறுநீர்க் கசிவுக்கு எவ்வளவு உதவும்?

இருமும்போதும் தும்மும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதை, ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்லி நம் வீடுகளில் மூடிவைத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இது குறையும்; பலருக்கு நின்றும்விடும். அந்தப் பயிற்சியை நாள்தோறும் தவறாமல் செய்யவைப்பதற்காகப் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பிசியோதெரபிஸ்டுகள் வடிவமைத்த கட்டணச் செயலிதான் ஸ்குவீஸி.

இதில் முதன்மையாக இரண்டு வகைப் பயிற்சிகள் உள்ளன. தசையை இறுக்கிச் சில விநாடிகள் பிடித்து முழுவதுமாகத் தளர்த்துவது ஒன்று. சட்டென்று இறுக்கி உடனே விடுவது மற்றொன்று. எப்போது இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைத் திரையும் ஒலியும் சொல்லிக்கொண்டே வருவதால், குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, மனத்துக்குள் எண்ணிக்கொண்டிராமல் என்னால் செய்ய முடிந்தது. பிடிக்கும் நேரத்தை அவரவர் வலிமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்; தையல் ஆறிய புதிதில் மூன்று விநாடிகூடத் தாக்குப்பிடிக்காத ஒருவரைப் பத்து விநாடி பிடிக்கச் சொன்னால், அவர் அன்றோடு பயிற்சியைக் கைவிட்டுவிடுவார். நினைவூட்டலும், செய்த பயிற்சியின் பதிவும், எப்போது சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது என்று குறித்துவைக்கும் சிறுநீர்க் குறிப்பேடும் உண்டு. தமிழில் இல்லாதது பெரிய குறை.

ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்பது செயலிக்குத் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்குவதும், புட்டத்தையும் தொடையையும் இறுக்குவதும் பலரும் செய்பவை. சிலர் மலம் கழிக்க முக்குவதுபோலக் கீழ்நோக்கித் தள்ளுகிறார்கள், அது கசிவைக் கூட்டவே செய்யும். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல, பின்னிருந்து முன்னாக, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், நம் சம்மதத்துடன், கையுறை அணிந்த விரலால் சோதித்து, ‘இப்போது சரியாக இழுக்கிறீர்கள்’ என்று சொன்ன பிறகு செயலியைத் தொடங்குவதே நல்லது. இருமல் வெளிப்படுவதற்கு ஒரு நொடி முன்பே இறுக்கிக்கொள்ளும் உத்தியையும் எனக்கு அவரே கற்றுத்தந்தார். அன்றாடத்தில் முதலில் கைகொடுத்தது அதுதான்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள், அதுவும் தேர்ந்தவர் மேற்பார்வையில் இந்தப் பயிற்சியைச் செய்யப் பரிந்துரைக்கிறது. ஆகவே இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று செயலியை நீக்குவது அவசரம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவைப்படலாம், ஏனெனில் கர்ப்பகாலச் சுமையை அந்தத் தசைகளும்தான் தாங்கியிருக்கின்றன. எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற கனம் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

முறை தெரிந்தும் நேரம் தவறிக்கொண்டே இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இதுவரை யாரிடமும் சோதித்துப் பார்க்காதவர்கள், முதல் செலவைப் பிசியோதெரபிஸ்டுக்கே செய்யட்டும்.