விண்டோஸ் 11: ஹோம் போதுமா, புரோ வேண்டுமா?

வீட்டுக் கணினியை ஹோம் பதிப்பிலிருந்து புரோவுக்கு மாற்றிவிட்டேன். கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், வங்கி வேலை என்று இருப்பவர்களுக்கு ஹோமே தாராளம். வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். வேகம் வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள். ஹோம் 128 ஜிபி ரேம் வரைதான் ஏற்கும் என்பதும் வீட்டில் யாருக்கும் தடையாகப் போவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அப்டேட். வீட்டிலிருந்தே வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அதாவது 8 முதல் 14 தேதிக்குள் வருகிறது. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 மாதத் தாக்கலுக்குக் கடைசி நாளும் 11. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் இதைவிடச் சங்கடமானது. 24எச்2 வெளியானது 2024 அக்டோபர் 1. 25எச்2 வெளியானது 2025 செப்டம்பர் 30. வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடுவும் செப்டம்பர் 30தான்! அந்த வாரத்தில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ பழைய பிரிண்டரோ வேலை செய்ய மறுத்தால் தொழிலே நின்றுவிடும்.

ஹோமிலும் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தினால் பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. ஊரார் கணக்கெல்லாம் இருக்கும் கணினியை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. புரோவில் விண்டோஸின் நடத்தையை நாமே விதித்துக்கொள்ளும் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கிறது. பெரிய அப்டேட்டை 365 நாள் வரையிலும் மாதாந்தர அப்டேட்டை 30 நாள் வரையிலும் தனித்தனியாகத் தள்ளிப்போட முடியும். நான் பெரியதை மட்டும் தள்ளி வைத்திருக்கிறேன். மாதாந்தர அப்டேட் தடையின்றி வருகிறது. இதையும் காலம் முழுக்க இழுக்க முடியாது. ஒவ்வொரு ஆண்டு வெளியீட்டுக்கும் ஆதரவு 24 மாதம்தான். அதில் ஹோமுக்கும் புரோவுக்கும் பேதமில்லை.

புரோவின் மற்ற வசதிகளில், வேறொரு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் எனக்குப் பயன்படுகிறது. ஹோம் கணினியிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம். ஹோம் கணினிக்குள் அந்த வழியில் வர முடியாது. தகவலை மறைகுறியாக்கும் பிட்லாக்கரால் பென்டிரைவையும் பூட்டலாம். பூட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்கும் ஹைப்பர்-வி, மென்பொருளைத் தனியே சோதிக்கும் சாண்ட்பாக்ஸ் இரண்டையும் திறந்து பார்த்ததோடு சரி. அவற்றுக்காகப் புரோ வாங்கலாமா என்பதை மென்பொருள் எழுதுபவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாற்றுவது எளிது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய் வாங்கினால், கணினி ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிப் புரோவாகிவிடுகிறது. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கின்றன. திரும்பி ஹோமுக்கு வருவதென்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இந்த மாற்றத்துக்கு அமெரிக்க விலை 99 டாலர். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் விண்டோஸ் உரிமச் சாவிகளை நான் தொடவில்லை. அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தவை. எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். உரிமம் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு பிணைந்தது என்பதால், மதர்போர்டை மாற்றும் எண்ணம் இருந்தால் மாற்றிய பிறகு புரோ வாங்குவது நல்லது.