டோக்கியோவில் குடியேற: ஷேர் ஹவுஸா, தனியார் அபார்ட்மென்டா, யூஆர் குடியிருப்பா?

டோக்கியோவில் வேலை கிடைத்துக் கிளம்பும் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு ஆகும்?" என்றுதான். இப்போதெல்லாம் நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. திரும்பி வராத பணம் எவ்வளவு, அடுப்பு எப்படிப்பட்டது என்று இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். ஆறு வருடத்தில் எட்டு மாதம் ஷேர் ஹவுஸ், இரண்டு வருடம் தனியார் அபார்ட்மென்ட், அப்புறம் இன்று வரை யூஆர் என்ற அரசு சார்ந்த அமைப்பின் குடியிருப்பு என்று மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடித்த இரண்டாவது தடவைதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது.

விமானநிலையத்தில் இறங்கியதுமே கையில் வசிப்பு அட்டையைத் தந்துவிடுவார்கள். தங்கும் இடம் முடிவானதும் 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் முகவரி ஏறினால்தான் வங்கிக் கணக்கும் கைபேசி எண்ணும் கிடைக்கும். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும்தான் முதலில் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர் எல்லாரும் சிக்குவது இந்த முடிச்சில்தான்.

ஷேர் ஹவுஸ்

அந்த முடிச்சை அவிழ்க்க ஷேர் ஹவுஸைப் போல வேறொன்று இல்லை. வெளிநாட்டவருக்கென்றே நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னையில் உட்கார்ந்தபடியே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பி அறையைப் பிடித்துவிடலாம். வாடகைக்கு ஜாமீன் நிற்கும் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டாம். நான் இருந்த இடத்தில் முன்பணம் 30,000 யென், மாதம் 68,000 யென், மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் அதற்குள்ளேயே. கட்டில், மேசை, சிறிய குளிர்ப்பெட்டியோடு ஆறு ஜோ அறை. இங்கே அறையைத் தத்தாமிப் பாய்க் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு ஜோ என்பது ஏறத்தாழ 1.62 சதுர மீட்டர், அதனால் ஆறு ஜோ என்றால் பத்து சதுர மீட்டர் வரும். ஒரு ஆளுக்குப் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பதிவு செய்யும்போதே "இந்த முகவரியைப் பதிய அனுமதி உண்டா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான மின்பக்கு என்ற குறுகியகால வாடகை வீடுகளை இதற்கு நம்ப வேண்டாம். 2018 ஜூனில் வந்த சட்டப்படி அவற்றில் வருடத்துக்கு 180 நாள்தான் விருந்தினரைத் தங்கவைக்கலாம். குடியிருப்பதற்கென்று ஏற்பட்ட வீடுகள் அல்ல அவை.

குறை என்று சொன்னால் சமையலறைதான். ஜனவரி மாதம் ஒரு ராத்திரி, ரசத்துக்குக் கடுகும் வரமிளகாயும் தாளித்தேன். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் இருமத் தொடங்கினார்கள். ஒருவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே வந்து எல்லார் தட்டின் மீதும் பட்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு சின்னத் தாள்: சமைத்த பிறகு முப்பது நிமிடம் மின்விசிறியை ஓட விடவும். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்த அடுப்பில் தாளிக்க எனக்குக் கை வரவே இல்லை.

மற்றபடி அந்த எட்டு மாதத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். எரியும் குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சி என்று பிரிப்பது, காக்கை கொத்தாமல் மூட்டை மேல் வலையை இழுத்து மூடுவது, பழைய நாற்காலியைப் போட வேண்டுமென்றால் முன்பதிவு செய்து கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டுவது என்று எல்லாவற்றையும் பக்கத்து அறைக்காரர்தான் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக வராது.

தனியார் அபார்ட்மென்ட்

வீட்டு முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முகவர் நல்ல மனிதர். நான் காட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் தரப்பை அழைத்து, "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார், நிறுவனத்தில் நிரந்தர வேலை" என்று தணிந்த குரலில் சொன்னார். ஆறு அழைப்பில் நான்கு இடத்தில் முடியாது என்றார்கள். என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசி, முடியாது என்ற பதிலையும் என் முன்னாலேயே அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எண்ணாக வாசித்தபோது உறைக்காதது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

சரி, வீடு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். இனி கணக்கு. வாடகை 80,000 யென் என்று எடுத்துக்கொள்வோம்.

ஷிகிகின் என்பது முன்வைப்பு, ஒரு மாத வாடகை. ரெய்கின் என்பது உரிமையாளருக்கு நன்றிப் பணம், இன்னொரு மாத வாடகை, இது திரும்பாது. முகவர் கட்டணம் அதிகபட்சம் ஒரு மாத வாடகையும் வரியும், அதாவது 88,000. பொறுப்பாளருக்குப் பதிலாக ஜாமீன் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தொடக்கத்தில் அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை வரை போகும், அரை மாதம் என்றே வைப்போம், 40,000. இரண்டு வருட தீக்காப்பீடு சுமார் 20,000, பூட்டு மாற்றக் கட்டணம் இன்னொரு 20,000. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி கைக்கு வரும் முன் 4,08,000 யென் கொடுத்திருப்பீர்கள். இதில் வாடகையையும் முன்வைப்பையும் கழித்தால் 2,48,000. இரண்டாம் வருடம் பொறுப்பு நிறுவனத்துக்கு ஒரு 10,000 சேர்ந்தால் திரும்பி வராதது 2,58,000. இதை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,750. ஆக 80,000 யென் வீடு உண்மையில் 90,000 யென்னுக்கும் மேலே. இரண்டு வருடம் முடிந்து தொடர வேண்டுமென்றால் டோக்கியோவில் வழக்கமாக இன்னொரு மாத வாடகையைப் புதுப்பிப்புக் கட்டணமாகக் கேட்பார்கள்.

அடுப்பு விஷயத்தில் நான் ஏமாந்தது வேறு. அந்த ஒற்றை அறை வீட்டில் ஒரே ஒரு ஐஎச் அடுப்பு (மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு), சிங்க்குக்குப் பக்கத்தில் பதித்திருந்தார்கள். ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த அலுமினியக் குக்கரை வைத்தேன். அடுப்பு மூன்று தடவை கீச்சிட்டு அணைந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடியும் அதே. அடிப்பாகம் காந்தத்தில் ஒட்டும் பாத்திரம் மட்டும்தான் அதில் சூடாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசியும் பருப்பும் ஊறிக் கிடக்க, ராத்திரி பத்து மணிக்குக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் சோற்றுருண்டை வாங்கிச் சாப்பிட்டேன். வீடு பார்க்கப் போகும்போது ஒரு குட்டிக் காந்தத்தைவிட, அடுப்பைப் பார்க்கும் கண் முக்கியம்.

காலி செய்யும்போது அடுப்புக்குப் பின்னால் சுவர்த்தாள் மஞ்சளாகிவிட்டது என்று முழுச் சுவருக்கும் பணம் கேட்டார்கள். ஷிகிகினைத் திருப்பித் தரவே மனமில்லை. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் துணிந்து பேசலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்தின்படி, இயல்பாகப் புழங்கி ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. அரசின் வழிகாட்டு நெறிகளும் சுவர்த்தாளின் மதிப்பு ஆறு வருடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்றே கணக்கிடுகின்றன. எண்ணெய்க் கறையைத் துடைக்காமல் விட்டது நம் தவறாகலாம், ஆனால் அப்போதும் முழு விலை கேட்க முடியாது. இதை எடுத்துச் சொன்ன பிறகு தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். குடிபுகும் நாளன்று எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தனியார் வீட்டுக்கு உரிய நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டிய நிலையத்துக்குப் பக்கத்திலேயே, புதிய கட்டடத்திலேயே கிடைக்கும். விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று போட்டால் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு அது, 400 மீட்டர். கட்டடம் 1981 ஜூனுக்குப் பிறகு வந்த நிலநடுக்க விதிப்படி கட்டியதா என்பதை மட்டும் கேட்காமல் விடாதீர்கள்.

யூஆர் குடியிருப்பு

1955இல் அரசு தொடங்கிய வீட்டுக் கழகத்தின் வாரிசு இது. டான்ச்சி என்று ஜப்பானியர் சொல்லும் அடுக்குக் குடியிருப்புகள், நாடு முழுக்க ஏறத்தாழ ஏழு லட்சம் வீடுகள். ரெய்கின் கிடையாது, முகவர் கட்டணம் கிடையாது, புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது, பொறுப்பாளரும் தேவையில்லை. நடுத்தர அல்லது நீண்டகால வசிப்பு அனுமதி உள்ள வெளிநாட்டவர் வருமானத் தகுதியைக் காட்டினால் போதும். யாரும் யாரையும் அழைத்து நம்மைப் பற்றித் தணிந்த குரலில் பேச வேண்டியதில்லை. எனக்கு இதுவே பாதி வாடகைக்குச் சமம்.

முன்வைப்பு இரண்டு மாத வாடகை. 90,000 யென் வீட்டுக்கு 1,80,000 முன்வைப்பும் முதல் மாத வாடகையும் சேர்த்து 2,70,000, பராமரிப்புத் தொகை தனி. மேலே பார்த்த 80,000 யென் தனியார் வீட்டோடு ஒப்பிடுங்கள்: மாதச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முதல் நாள் 1,38,000 யென் குறைவு. இந்த வாடகைக்குக் குடும்பமாக இருந்தால் மாத வருமானம் 3,30,000 யென், தனியாள் என்றால் 2,50,000 காட்ட வேண்டும். வருமானம் போதாதவர் வாடகையின் நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டலாம். உறவில்லாத இரண்டு நண்பர்கள் சேர்ந்து எடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வீடு முதலில் வருபவருக்கே, அதனால் நல்லது கண்ணில் பட்டால் அன்றே போய்விடுங்கள்.

கட்டடங்கள் பழையவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தால் விளக்குகூட இருக்காது. விளக்கு, திரை, அடுப்பு எல்லாம் நாம் வாங்க வேண்டும். சிலவற்றில் குளியல்தொட்டிக்குப் பக்கத்திலேயே பழைய கேஸ் கொதிகலன் நிற்கும். ஆனால் சமையலறையில் கேஸ் குழாய் இருக்கிறது, இரண்டு பர்னர் வைக்க மேடை இருக்கிறது, பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது. என் அலுமினியக் குக்கர் இரண்டு வருடம் கழித்து முதல் விசில் அடித்தது இங்கேதான்.

நான் இருப்பது எதோகாவா வார்டின் நிஷி-கசாய். 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் இங்கே தங்கத் தொடங்கினார்கள், இன்று டோக்கியோவிலேயே இந்தியர் அதிகம் வாழும் வார்டு இதுதான். ரெய்கினும் பொறுப்பாளரும் கேட்காத இந்த டான்ச்சிகள் அதற்கு ஒரு பெரிய காரணம். குடிவந்த மூன்றாம் நாள் மின்தூக்கியில் கீழ்வீட்டு அக்கா ஒருவர், "தம்பி, புதுசா வந்திருக்கீங்களா? கறிவேப்பிலை வேணும்னா கேளுங்க, பால்கனியில தொட்டி வெச்சிருக்கேன்" என்றார். இங்கே வழக்கப்படி நான் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கைத்துண்டு கொடுத்து வணங்கிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு முதிய ஜப்பானியப் பெண்மணி மறுநாள் கதவில் பெர்சிமன் பழங்களைத் தொங்கவிட்டிருந்தார்.

இதற்கும் ஒரு விலை உண்டு. காலையில் நகர மையத்தின் ஓதெமாச்சிக்குப் போகும் தோசாய் லைன் ரயில் 2019 கணக்கில் கிபாவுக்கும் மொன்சென்-நகச்சோவுக்கும் இடையே 199 சதவீத நெரிசலோடு ஓடியது. அதைவிட நான் கவலையோடு சொல்வது வெள்ளம். எதோகாவா நிலத்தில் சுமார் 70 சதவீதம் கடலேற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் வார்டு அலுவலகமே வீட்டுக்கு வீடு கொடுத்த ஆபத்து வரைபடத்தின் அட்டையில் "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தது. தரைத்தள வீடு இரண்டாயிரம் யென் குறைவாகக் கிடைத்தும் நான் ஏழாம் மாடியை எடுத்தது அதனால்தான்.

தனியாக, ஒரு வருடத்துக்குள் திரும்பப் போகிறவர் ஷேர் ஹவுஸோடு நிறுத்திக்கொள்ளலாம். தொடக்கச் செலவை நிறுவனம் ஏற்கும் என்றால் மட்டும் தனியார் வீட்டைப் பாருங்கள். குழந்தையோடு வருகிறவர் இரண்டு மாதம் எங்காவது தங்கி, அட்டையில் முகவரி ஏறியதும் நேரே யூஆர் அலுவலகத்துக்குப் போவதே நல்லது. இந்தியப் பள்ளிகளும் எதோகாவாவிலும் அடுத்த கோத்தோ வார்டிலும் இருக்கின்றன.

அப்புறம், சாவி வாங்கிய அன்றே அடுப்பு வாங்க ஓடாதீர்கள். கேஸ் திறந்துவிட ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும், அதற்கு நாள் குறியுங்கள். நகரக் குழாய் வாயுவா, சிலிண்டர் வாயுவா என்று அவரிடம் கேட்டு, அதற்குரிய அடுப்பை மட்டும் வாங்குங்கள். ஊர் மிக்ஸி 230 வோல்ட், இங்கே 100 வோல்ட். ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதில் சட்னி அரையாது. அந்த டிரான்ஸ்பார்மர் நல்ல கனம், பெட்டி எடையில் அதற்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.