கத்தியை மெலிய வைக்க எந்தக் கல்? ஊறவைக்கும் கல், ஊறாத கல், டைமண்ட், கார்போரண்டம்

வருஷக்கணக்கில் 1000 நம்பர் கல்லில் (நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்) மட்டுமே தீட்டி வந்த கத்தி ஒரு கட்டத்தில் விசித்திரமாக நடந்துகொள்ளும். தக்காளித் தோலில் அழகாக இறங்கும், ஆனால் கேரட்டில் பாதி வரை போய் ஆப்பு அடித்ததுபோல் படக்கென்று பிளக்கும். அலகு முதுகை நோக்கித் தடித்துக்கொண்டே போவதுதான் காரணம். தீட்டத் தீட்டக் கூர் அந்தத் தடித்த பகுதிக்கு ஏறிவிடுகிறது. கூருக்கு மேலே இருக்கும் இரும்பைத் தேய்த்து எடுத்து, அலகை மெலிய வைத்தால்தான் சரியாகும். 1000 நம்பரில் அதை ஆரம்பித்தால் விடிந்துவிடும், சொரசொரப்பான கல் வேண்டும்.

சரி, எது? நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. கூர் தீட்டும்போது கல்லில் படுவது மயிரிழை அகலம். மெலிய வைக்கும்போதோ கத்தியை ஏறக்குறையப் படுக்க வைக்கிறோம், அகலமான பரப்பு கல்லில் உட்காருகிறது, கை அழுத்தம் பரவிப்போகிறது. அப்போது கெட்டியான கல்லில், இரும்பைத் தேய்க்கும் பழைய மணிகள் உதிர்ந்து புது மணிகள் மேலே வராது. இருப்பவை மழுங்கிக் கல் வழவழப்பாகிவிடும். 120 என்று போட்ட கல் 320-ஐ விட மெதுவாகத் தேய்ப்பது இதனால்தான்.

கிங் 220, சுவிஹிரோ செராக்ஸ் 320 மாதிரி தண்ணீரில் ஊறவைக்கும் கற்கள், மணிகள் உதிர்ந்து தாராளமாகச் சேறு விட்டு, நின்றுபோகாமல் தேய்க்கும். அதற்கு விலையாகக் கல்லின் நடுவில் குழி விழும், அடிக்கடி சமப்படுத்த வேண்டும். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இன்னொரு தொல்லையும் உண்டு: தண்ணீர் குடித்த கல் இந்த ஈரக் காற்றில் லேசில் காயாது, அரைகுறையாக டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை வாடைதான்.

ஷாப்டன் குரோமாக்கு வகைக்கு ஊறல் வேண்டாம் (ஊறவைக்கவும் கூடாது), தண்ணீர் தெளித்தால் போதும். 120, 220, 320 மூன்றும் கிடைக்கும். குழி மெதுவாகத்தான் விழும், ஆனால் மேலே சொன்ன வழவழப்புப் பிரச்சினை இந்த மாதிரிக் கெட்டிக் கற்களில்தான் எட்டிப்பார்க்கும். அதற்கு மருந்து சிலிக்கான் கார்பைடு தூள். பழைய டைல் மேல் தூளைத் தூவி, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் சமமும் ஆகும், சொரசொரப்பும் திரும்பும்.

அட்டோமா 140 போன்ற, வைரத்தூள் பதித்த டைமண்ட் பிளேட் குழியே விழாது, புதிதில் பேய் வேகம். ஆனால் மென்மையான இரும்பு அதில் அப்பிக்கொள்ளும், கீறல்கள் ஆழமாக விழும், அவற்றை அழிக்கவே தனியாக உழைக்க வேண்டும், போதாக்குறைக்கு வேகம் குறையக் குறைய நாம் அழுத்துவோம், அழுத்தினால் வைரமே பெயர்ந்து வந்துவிடும். நடுத்தரக் கற்களைச் சமப்படுத்த அதை வைத்துக்கொள்ளுங்கள். 220-க்கும் கீழே உள்ள கல்லில் தேய்க்காதீர்கள், உதிரும் பருமணிகள் பிளேட்டையே தின்றுவிடும்.

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் (அதே சிலிக்கான் கார்பைடு) கல்தான் இருப்பதிலேயே மலிவு. எண்ணெய் ஊறாத புதுக் கல்லாக இருந்தால் தண்ணீரும் சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். எண்ணெய் ஏற்றியே விற்பவையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வேகம் பரவாயில்லை, தரம் கல்லுக்குக் கல் மாறும்.

வீட்டில் இரண்டு மூன்று கத்திதான் என்றால் ஷாப்டன் 220 அல்லது 320, கூடவே கொஞ்சம் தூள். கத்திகள் நிறைய இருந்து, கல்லைக் காயவைக்க இடமும் இருந்தால் செராக்ஸ் 320. ஜப்பானிலிருந்து தருவிப்பவர்கள் கல்லின் எடைக்கு ஆகும் அனுப்பு செலவையும் 9% பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பல சமயம் உள்ளூர் விலையே தேவலை. அப்புறம், மீன் தலையும் ஆட்டெலும்பும் வெட்டும் கத்தியில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள், மெலிந்த வாய் முதல் அடியிலேயே பல் விழும்.