வீட்டு ஸ்டீரியோவுக்குப் பாட்டு பதிய எந்த பிளாங்க் சிடி நல்லது?

நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் சிடி பிளேயரும் வைத்துக்கொண்டு, பழைய கச்சேரி கேசட்டுகளையும் எல்பி ரெக்கார்டுகளையும் சிடியில் ஏற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண 80 நிமிட சிடி-ஆர் போதும், ஆனால் அதில் லேசர் எழுதும் சாயப் படலம் நல்லதாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் மிதமான வேகத்தில், ஒரே மூச்சில் பதிய வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

முதல் குழப்பம், 'மியூசிக்' என்று அட்டையில் போட்டு கூடுதல் விலைக்கு விற்ற சிடி-ஆர். அதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். சாதாரண சிடி-ஆருக்கும் அதற்கும் இசைத் தரத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. 'இது இசைக்கான சிடி' என்று சொல்லும் ஒரு குறியீடு அதில் முன்கூட்டியே பதிந்திருக்கும், அவ்வளவுதான். 1990களின் கடைசியில் ஃபிலிப்ஸ், பயனியர் போன்றவர்கள் வீட்டு உபயோகத்துக்கு விற்ற சிடி ரெக்கார்டர் டெக்குகள் அந்தக் குறியீடு இல்லாத சிடியை ஏற்காது. இதற்குப் பின்னால் இருப்பது பதிப்புரிமைக் கட்டணம். அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டப்படி அந்த சிடியின் விலையில் ஒரு பங்கு இசைத்துறைக்குப் போகும். ஆகவே வீட்டில் அப்படிப்பட்ட டெக் இருந்தால் மட்டும் மியூசிக் சிடி வாங்குங்கள். கம்ப்யூட்டரில் பதிகிறவருக்கு அது வீண் செலவு.

அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கடையில் விற்கும் பாட்டு சிடி தன் மேல் விழும் லேசர் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், சிடி-ஆர் அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், ஆர்டபிள்யூவோ 15 முதல் 25 சதவீதத்தோடு நின்றுவிடும். 1997-க்கு முந்தைய பிளேயர்களில் பெரும்பாலானவை அதை சிடி என்றே கண்டுகொள்ளாமல் 'நோ டிஸ்க்' காட்டும். அதனால் ஸ்டீரியோவுக்கு ஆர்டபிள்யூ வேண்டாம்.

நீளத்தைப் பொறுத்தவரை 74 நிமிடம், 80 நிமிடம் இரண்டுமே நம்பலாம். சிக்கல் சி-90 கேசட்டில் வருகிறது. 90 நிமிடத்தையும் ஒரே சிடியில் அடக்கிவிடலாமே என்று 90, 99 நிமிட சிடிகளைத் தேடுவார்கள். அவை சுற்றுப் பாதையைத் தரவரையறைக்கு மீறி நெருக்கி இடம் பிடிப்பவை, பல பிளேயர்கள் கடைசிப் பாட்டுகளில் திணறும். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு சிடி என்று பிரித்துக்கொள்வதுதான் நிம்மதி.

இப்போது முக்கியமான விஷயம், சாயம். அதற்கு முன்னால் ஒன்று புரிய வேண்டும். கம்ப்யூட்டர் ஃபைல்களை சிடியில் எழுதும்போது ஒவ்வொரு 2352 பைட்டிலும் 2048 மட்டுமே தரவு, மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் பிழை திருத்தத்துக்குப் போகிறது. பாட்டு சிடியில் அந்த 2352-ம் இசையே. சிடிக்குரிய அடிப்படைப் பிழை திருத்தம் மட்டும்தான் அங்கே காவல், அதையும் மீறிப் பிழை வந்தால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து இடைவெளியை உத்தேசமாக நிரப்பும், அதுவும் முடியாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். அதனால் சுமாரான சிடி, ஃபைல் வைக்க ஒத்துவந்தாலும் பாட்டுக்குக் காலை வாரலாம்.

சாயத்தில் மூன்று குடும்பம். சயனின் முதலில் வந்தது; சிடி-ஆரையே உருவாக்கிய ஜப்பானின் தாயோ யூடன் கடைசிவரை இதைத்தான் மெருகேற்றிப் பயன்படுத்தியது. பழைய பிளேயர்களோடும் பழைய ரைட்டர்களோடும் (சிடி எழுதும் கருவிகள்) மிக நன்றாக ஒத்துப்போகும், ஆனால் வெளிச்சம் ஆகாது. தாலோசயனின் வெளிச்சத்தைத் தாங்கும், லேசரைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் படலத்தின் மேல் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும், ஆனால் எழுதும் லேசரின் சக்தி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பிடிக்காது. ரைட்டர் சரியில்லை என்றால் பிழைகள் சட்டென்று ஏறும். அஸோ, மிட்சுபிஷி கெமிக்கல் கொண்டுவந்தது, வெர்பாட்டிம் பெயரில் விற்றது, கருநீலமாக இருக்கும். வெளிச்சத்தையும் தாங்கும், ரைட்டர்களோடும் முரண்டு பிடிக்காது. நம் ஊர் வெயிலுக்கு என் ஓட்டு அஸோவுக்குத்தான். ஆனால் கவனம், வெர்பாட்டிமிலேயே அஸோ என்று போடாத விலை குறைந்த வரிசையும் உண்டு, அட்டையைப் படித்து வாங்குங்கள்.

தாயோ யூடன் 2015-ல் சிடி தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்ட தைவானின் சிஎம்சி, பின்னர் வெர்பாட்டிமையும் வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் நொய்டா பக்கம் தயாரித்து உலகமெங்கும் அனுப்பிய மோசர் பேயரும் இப்போது இல்லை, பழைய சரக்கு ஒதுங்கிக் கிடந்தால்தான் உண்டு. தங்கப் படலம் போட்ட சிடிகளும் வந்தன. வெள்ளி ஈரப்பதத்திலும் கந்தக வாயுவிலும் கறுக்கும், தங்கம் கறுக்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் வேறு பிரதியே இல்லாத ஒரு பதிவைக் காப்பாற்ற அந்த விலையைக் கொடுக்கலாம், தினமும் கேட்கிற பாட்டுக்குத் தேவையில்லை.

சரி, எதில் பதிவது? ரெக்கார்டர் டெக்கின் அழகு அதன் எளிமை. கேசட் டெக்கிலிருந்து வயரை மாட்டி, லெவல் பார்த்து, பட்டனை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டரே வேண்டாம். ஆனால் கேசட் ஓடும் நேரம் முழுக்க உட்கார வேண்டும், நடுவில் தப்பு நடந்தால் அந்த சிடி போச்சு. டிஜிட்டல் பிரதியிலிருந்து மறுபடி டிஜிட்டல் பிரதி எடுக்கவும் அது விடாது. கம்ப்யூட்டரில் லைன்-இன் வழியாக 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிந்தால் இரைச்சலைப் பார்க்கலாம், ஆரம்பம் முடிவை வெட்டலாம், அப்புறம் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். மைக் துளையில் மாட்டாதீர்கள், ஒலி உடைந்துவிடும். உச்ச லெவல் பூஜ்யத்துக்கு 3 முதல் 6 டெசிபல் கீழேயே நிற்கட்டும். எல்பி என்றால், ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் நடுவில் கட்டாயம். என் தேர்வு கம்ப்யூட்டர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேகம் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு மெதுவாகப் பதிகிறோமோ அவ்வளவு நல்லது என்று. 1990களின் சிடிகளுக்கு அது சரி. இன்று கிடைக்கும் 52 எக்ஸ் (பாட்டு ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கு வரை எழுதக்கூடிய) சிடிகளின் சாயம் அதிவேகத்துக்காகவே அமைக்கப்பட்டது, அதை 4 எக்ஸில் எழுதினால் பிழை அதிகமாகவும் வாய்ப்புண்டு. 52-ல் ஓட்டினால் விளிம்புப் பக்கம் கெடும். 16 அல்லது 24 எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி பதிகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பதியும் முறை. டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் லேசர் ஒவ்வொரு டிராக்குக்கும் நின்று கிளம்பும், நடுவே 2 விநாடி மௌனம் விழும். சினிமாப் பாட்டுக்கு அது உறுத்தாது. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில், தனி ஆவர்த்தனம் பிறக்கும் இடத்தில், கைதட்டல் நடுவில் அந்த மௌனம் வந்தால் கச்சேரியே அறுந்துபோகும். டிஸ்க்-அட்-ஒன்ஸ் போட்டு இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். டிராக் எண் மாறும், ஒலி தொடரும். டிராக் பிரிக்கும்போது சிடியின் ஒரு நொடிக்கு 75 கட்டம் என்ற கணக்கில் கட்டத்தின் எல்லையில் வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் சின்ன 'டக்' கேட்கும். நல்ல மென்பொருள்கள் இதைத் தானாகவே செய்யும்.

எம்பி3 சிடியா பாட்டு சிடியா என்று கேட்பவர்களுக்கு: 128 கேபிபிஎஸ்ஸில் ஒரே சிடியில் 12 மணி நேரத்துக்கு மேல் அடங்கும், காருக்கும் சமையலறைக்கும் அது போதும். நல்ல ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து தம்பூரா சுருதியைக் கேட்க அது போதாது. எம்பி3-ஐ மறுபடி பாட்டு சிடியாக மாற்றினாலும் இழந்தது திரும்பாது, மூலத்தை, ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பதிந்த சிடியின் மேல்பக்கத்தைத்தான் அதிகம் பாதுகாக்க வேண்டும். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், லேசான கீறல் பட்டால் தேய்த்துச் சரிசெய்யலாம். மேலேயோ மெல்லிய வார்னிஷுக்கு உடனே கீழே வெள்ளிப் படலம். அங்கே ஆழமாக ஒரு கீறல் பட்டால் பாட்டு போயிற்று. பால்பாயிண்ட் பேனா கூடாது, சிடிக்கென்று விற்கும் மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். காகித ஸ்டிக்கரும் வேண்டாம், ஒரு பக்கம் கனம் கூடி சிடி ஆடும், பசை காலப்போக்கில் படலத்தையே உரித்துக்கொண்டு வரும்.