38,500 ரூபா போச்சு: பிசிபி ஏர் ரைஃபிள் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

இப்பதான் எனக்கு அந்த பிசிபிய (காத்த முன்கூட்டியே அடைச்சு வெச்சு சுடற ரைஃபிள்) வித்தவனுக்கு போன் பண்ணேன், ரெண்டு ரிங் போச்சு, கட் பண்ணிட்டான். மறுபடி அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க.

நான் கோத்தகிரி பக்கம். ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல தங்கம் வாங்கினப்ப நான் காலேஜ்ல இருந்தேன், அன்னைக்கு புடிச்ச பைத்தியம். பச்சை இலை எடை போடற ஷெட்ல 10 மீட்டர் அளந்து, பின்னாடி மணல் மூட்டை அடுக்கி, பேப்பர் டார்கெட் ஒட்டி ஆறு வருஷமா ஒரு பழைய ஸ்பிரிங் கன்ல சுட்டுட்டு இருந்தேன். ஸ்பிரிங் கன்ல டிரிகர இழுத்ததும் உள்ள பிஸ்டன் ஓடிப்போய் மோதும், பெல்லட் பேரல விட்டுப் போறதுக்குள்ள கன்னே ஒரு குலுக்கு குலுக்கிடும். பிசிபில அந்த வம்பே இல்ல, காத்து ஏற்கனவே சிலிண்டர்ல 200 பார்ல (பார்ங்கறது காத்தழுத்த அளவு) அடைஞ்சு கிடக்கும், சுத்தியல் தட்டினா வால்வு கண்ணு சிமிட்டற நேரம் திறந்து மூடும், தோள்ல ஒண்ணுமே தெரியாது. அந்த ஆசைதான்.

38,500 ரூபா. ரைஃபிள், கைப்பம்ப், ஒரு ஸ்கோப், எல்லாம் சேர்த்து. பணக்காரங்களுக்கு இது பெரிய காசு இல்ல. எனக்கு கிலோ 20 ரூபான்னு வெச்சாலும் கிட்டத்தட்ட ரெண்டு டன் பச்சை இலை. அதுல பறிப்பு கூலி, உரம் எல்லாம் கழிக்காமலே.

வித்தவன் பேரச் சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். கீழ சமவெளில கடை வெச்சிருக்கறதா சொல்லிக்கற, ரீல்ஸ் போட்டு ஏர்கன் விக்கற ஒரு ஆன்லைன் பக்கம், அவ்ளோ போதும். நான் எங்க ஏமாந்தேன்னு நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். விலைய பார்த்து ஏமாறல, அதுல நான் உஷார்தான். அவன் சட்டம் பேசினான் பாருங்க, அங்கதான் விழுந்தேன். வீடியோ கால்ல வந்தான், முகத்தக் காட்டித்தான் பேசினான். "அண்ணா, 4.5 எம்எம், 20 ஜூலுக்குள்ள இருந்தாத்தான் லைசன்ஸ் இல்லாம தருவேன், 5.5 வேணும்னா லைசன்ஸ் காப்பி அனுப்புங்க, இல்லன்னா வேற ஆள பாருங்க"ன்னான் (எம்எம் பேரல் ஓட்டையோட அளவு, ஜூல் பெல்லட் போற சக்தி). அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "மலைல இருக்கீங்க, குரங்கு முயல் காட்டுக்கோழின்னு எதையாவது சுடத்தான் வாங்கறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்கண்ணா, ஃபாரஸ்ட் கேஸ்ல என் பேரும் சேர்ந்து வரும்"னு சொன்னான். எனக்கு உருகிப் போச்சு. இவ்ளோ நியாயமா பேசறவன் ஏமாத்துவானான்னு நெனச்சேன். அந்த கால்லயே காத்தழுத்தம் காட்டற கேஜ காட்டினான், ஊசி 200ல நின்னுச்சு, அஞ்சு ஷாட்டும் ஒரே ஓட்டைல விழுந்த பேப்பரையும் காட்டினான். அந்த ஓட்டை இந்த கன் போட்டதுதானான்னு நான் கேக்கவே இல்ல. அன்னைக்கே 20,000 அனுப்பினேன், பேக் பண்ணிட்டேன்னு போட்டோ வந்ததும் மீதி 18,500. கடை அக்கவுண்டுக்கு இல்ல, யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கற யுபிஐ நம்பருக்கு. அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

பார்சல் மேல வராதுன்னுட்டாங்க, மேட்டுப்பாளையம் போய் பார்சல் ஆபீஸ்ல எடுத்துட்டு பஸ்ல வந்தேன். பில்லுன்னு ஒரு துண்டு பேப்பர், "ஸ்போர்ட்ஸ் ஐட்டம் - 1"னு எழுதியிருக்கு. சீரியல் நம்பர் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. சட்டம் பேசினவன் குடுத்த பில்லு இது.

பம்ப் அடிக்கறது லேசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம ஊர் கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம், இங்க காத்து கீழ இருக்கறத விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால கீழ 100 தடவை பம்ப் அடிக்கற வேலைக்கு இங்க 125 தடவை அடிக்கணும். அம்பது அம்பதா அடிச்சு, பம்ப ஆற விட்டு, ஈரம் வெளிய போக பிளீட் பண்ணி, மறுபடி அடிச்சு ஒரு மணி நேரத்துல 200 தொட்டேன். பக்கத்து தோட்டத்துக்காரர் வேடிக்கை பார்த்துட்டு, பஞ்சர் கடைல புடிச்சுக்கலாமேன்னார். லாரி டயருக்கே எட்டு பார் சொச்சம்தாங்க, பஞ்சர் கடை கம்ப்ரெசர் என்ன பண்ணும். ஸ்கோப் இன்னொரு கூத்து, 100 கஜத்துக்கு ஃபிக்ஸ் பண்ணின சாதா ஸ்கோப், 10 மீட்டர்ல டார்கெட் பனில தெரியற மாதிரி கலங்கலா தெரியுது. முன்னாடி வளையம் திருப்பி 10 மீட்டருக்கு ஃபோகஸ் பண்ற ஸ்கோப்தான் இதுக்கு வேணும். சரி ரைஃபிளோட கூட வந்ததுதானேன்னு விட்டேன்.

மறுநாள் காலைல பார்த்தா ஊசி 120. ரெண்டாம் நாள் 40. ஒரு ஷாட் கூட நான் சுடல.

வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன். "ஹில் ஸ்டேஷன்ல சார், குளிருக்கு ஊசி இறங்கும், நார்மல்." பணம் போற வரைக்கும் அண்ணா, இப்ப சார். குளிர்ல அழுத்தம் குறையும்ங்கறது உண்மைதான், அதனாலதான் ஒரு நாள் முழுக்க வாய மூடிட்டு இருந்தேன். அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன், பகல் 22 டிகிரி, ராத்திரி 8 டிகிரின்னா 200 பார் 190க்குத்தான் இறங்கும், பகல்ல வெயில் வந்தா திரும்ப ஏறும். 40க்கு இறங்கணும்னா கோத்தகிரிய தூக்கி அண்டார்டிகால வெச்சாலும் நடக்காது. இதை எழுதி அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. மூணு நாள் கழிச்சு "உங்களுக்கு பம்ப் அடிக்கத் தெரியல சார்". அப்புறம் "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காரு". அப்புறம் "சர்வீசுக்கு அனுப்புங்க, கூரியர் செலவு உங்களது". நான் கேட்ட ரெண்டு கூரியர்லயும் ஏர்கன்னா எடுக்க மாட்டோம்னுட்டாங்க, அதைச் சொன்னா "அது உங்க ப்ராப்ளம் ப்ரோ". சார் போய் ப்ரோ ஆயிட்டேன்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன், ராணுவத்துல ஆர்மரரா (துப்பாக்கி பழுது பாக்கறவர்) இருந்து ரிட்டயர் ஆனவர், இப்ப வெலிங்டன் பக்கம் வீடு. அவர்கிட்ட கொண்டு போனேன். கைல வாங்கினதும் முதல்ல மேகசின கழட்டி, போல்ட்ட இழுத்து உள்ள பெல்லட் இருக்கான்னு பார்த்தார், அப்புறம்தான் பேச்சே. ஜன்னல் வெளிச்சத்துல திருப்பி, அடிப்பக்கம் அலன் கீ போடற ஸ்க்ரூவ நகத்தால தொட்டுக் காட்டினார், உள்ள ஆறு மூலையும் தேஞ்சு வட்டமா ஆயிருந்துச்சு. "தம்பி, இது நாலு கை பார்த்த சாமான்." ஒரு ரூபா ஷாம்பு பாக்கெட்ட தண்ணில கலக்கி பிரஷ்ல தடவினார், கேஜ் மாட்டற இடத்துல சின்னச் சின்னதா நுரை முட்டை கிளம்பி வந்துச்சு, காத்து ஏத்தற ஓட்டைலயும். 200 பார்னா சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ, காத்து இருக்கறப்ப ஒரு ஸ்க்ரூவக்கூட தொடக்கூடாதுன்னு சொல்லி, மணல் மூட்டை பக்கம் திருப்பி சும்மாவே சுட்டு சுட்டு சத்தம் அடங்கற வரைக்கும் காத்த இறக்கினார், ஊசி சைபருக்கு வந்த பிறகும் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்துட்டுத்தான் மூடிய திருகினார்.

மரையில வெள்ளை டேப் சுத்தியிருந்துச்சுங்க. பிளம்பர் குழாய்க்கு சுத்தற அதே டேப். காத்து கசியாம இருக்க மாட்டற ரப்பர் வளையம், ஓ-ரிங், ஒரு பக்கம் நசுங்கி தட்டையா இருக்கு, பத்து ரூபா சாமான், அதைக்கூட மாத்தல. காத்து அடைக்கற டியூப சாய்ச்சதும் பேப்பர் மேல நாலஞ்சு சொட்டு தண்ணி விழுந்துச்சு, டிகாக்ஷன் கலர்ல. உள்ள துரு. ஈரக்காத்த வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு தின்னு வெச்சிருக்கு. "ஓ-ரிங் மாத்தினா லீக் நிக்கும், ஆனா இந்த டியூபுக்கு மறுபடி 200 ஏத்தாத, முகத்துக்குப் பக்கத்துல வெச்சு சுடற சாமான்"னுட்டார். அப்பதான் எனக்கு நெஜமா பயம் வந்துச்சு. ஒரு மணி நேரம் இதைக் கட்டிப் புடிச்சு பம்ப் அடிச்சிருக்கேன், பையன் பக்கத்துல நின்னு ஊசிய எண்ணிட்டு இருந்தான்.

அந்த வீடியோவ அனுப்பினேன். பதில் ஒரே நிமிஷத்துல வந்துச்சு, இத்தனை நாள்ல இதுதான் ரெக்கார்ட்: "ஓப்பன் பண்ணிட்டீங்களா, அப்ப வாரண்டி போச்சு ப்ரோ." அதோட பிளாக். வேற நம்பர்ல இருந்துதான் இப்ப கூப்பிட்டேன், அது மேல எழுதினதுதான். வீட்டம்மா "ஏங்க, 38,500க்கு வாசல்ல ஒரு கேட்டாவது போட்டிருக்கலாம்"னு சொன்னா, அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

எப்படி பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், ரெகுலேட்டர் இருக்கறது இல்லாதது, எந்த வெயிட் பெல்லட், எல்லாம். இப்ப அந்த மனநிலை இல்ல. சுருக்கமா சொல்றேன். நேர்ல போய் வாங்குங்க, 200 ஏத்தி கடைலயே ஒரு ராத்திரி வெச்சுட்டு மறுநாள் ஊசிய பார்த்துட்டு காசு குடுங்க, ஒத்துக்கலன்னா திரும்பி வந்துடுங்க. ஸ்க்ரூ தலைய பாருங்க. பில்லுல சீரியல் நம்பர் இல்லாம வாங்காதீங்க. பார்சல பிரிக்கறத வீடியோ எடுங்க, நான் எடுக்கல. லீக் ஆனா சமையல் எண்ணெய், டபிள்யூடி-40 எதையும் உள்ள விடாதீங்க, அழுத்தத்துல தீப்பிடிக்கும், சிலிகான் கிரீஸ் மட்டும்தான். ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து நிரப்பலாம்னு எவனாவது சொன்னா அவன் பக்கமே போகாதீங்க.

1915க்கு அடிச்சு நுகர்வோர் புகார் பதிஞ்சாச்சு. அஞ்சு லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸ் இல்லையாம், நாம இருக்கற ஊர்லயே போடலாமாம், அதனால திங்கக்கிழமை காலைல முதல் பஸ்ல ஊட்டி போறேன். அந்தத் துண்டு பில்லு, ரெண்டு யுபிஐ ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சு. வெள்ளை டேப்ப மட்டும் ஒரு தீப்பெட்டில போட்டு தனியா வெச்சிருக்கேன்.